தகுதிவாய்ந்த அலுவலரை அணுகவும்

ஞானமுத்து எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கம்பம் டவுன் கடையில் உரம் வாங்கினால் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தால், அதில் வேதாகமத்தில் உள்ளது எவ்வளவு, சாமியாரின் கைச்சரக்கு எவ்வளவு என்று வழியெல்லாம் பிரித்துக்கொண்டே வருவார். ஊருக்குள் அவருக்குத் தோமையார் என்றுதான் பெயர். இயேசு உயிர்த்ததை நம்பாத அந்தச் சீடர் மாதிரி, காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார் என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட மனுசனுக்கு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பதில் வந்தது.

விஷயம் இதுதான். சுருளிப்பட்டி போகிற வழியில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி இழுத்துக் கட்டி, அதன்மேல் பன்னீர் திராட்சைக் கொடி ஏற்றிய பந்தல். அந்தப் பந்தலுக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. ஆடிக்காற்றில் மின்கம்பம் ஒரு பக்கம் சாய்ந்து, கம்பி தொய்ந்து, பந்தலுக்கு ஒரு முழ உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்து பந்தலைத் தொட்டால் போதும், தோட்டம் முழுக்கக் கரண்டு பாயும். கீழே நின்று குலை வெட்டுகிற பெண்களில் ஒருத்திகூட மிஞ்ச மாட்டாள். ஆகவே யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஞானமுத்து முள்ளை வெட்டி வாசலில் போட்டுவிட்டார். பழமோ வெட்டுக்கு நின்றது. நாலு சாரல் விழுந்தால் வெடித்துவிடும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

உள்ளூர் கரண்டாபீஸில், கம்பத்தை நிமிர்த்துவது தங்கள் வேலை இல்லை, அதற்குத் தேனியில் மின்பாதைச் சீரமைப்புப் பிரிவு என்று தனி அலுவலகம் இருக்கிறது என்றார்கள். எழுதிப் போட்டார். பதில் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. இப்பொருள் குறித்துத் தகுதிவாய்ந்த அலுவலரை அணுகவும்.’

ஞானமுத்துவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

“செபஸ்தி, இதைக் கேளு,” என்று மனைவியைக் கூப்பிட்டார். “தகுதியான ஆபீசரைப் போயிப் பாருன்னு போட்டுருக்காக. அப்ப இதை எழுதுனவரு யாரு?”

செபஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். “தகுதி இல்லாதவரா இருக்கும்.”

“அதை அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுருக்காரு.”

“உள்ளதைச் சொன்ன மனுசனைக் கொறை சொல்லாதீக. போயித் தகுதியானவரைப் பாத்துட்டு வாங்க. பழம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது.”

மறுநாளே தேனிக்கு பஸ் ஏறினார். அலுவலகத்தின் முன் மேஜையில் சூரியபிரகாஷ் என்று ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து கும்பிடு போட்டுவிட்டு, “சார், தகுதியானவரைப் பாக்கணும்,” என்றார்.

“எந்த சாரைச் சொல்றீங்க?”

“அதைத்தான் சார் நானும் கேக்குறேன். இங்கன யாருக்குத் தகுதி இருக்கு?”

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. சூரியபிரகாஷின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, என்னைப் பத்தி யாராவது ஏதும் சொன்னாங்களா? நான் இங்க வந்து மூணு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் என் மேல அப்படி ஒரு புகாரும் வந்ததில்லை,” என்றார். பிறகு எழுந்து, ஞானமுத்துவை உள்ளறையிலிருந்த உதவிப் பொறியாளரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

உதவிப் பொறியாளர் வேல்பாண்டி நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“சின்னப் பையன்கிட்டப் போயி அப்படிக் கேட்டுட்டீங்களே, அண்ணே. உங்களுக்கு விவரம் தெரியாது. நான் இந்த சர்வீஸ்ல சேரும்போது பரீட்சையில முதல் ஆளு. ஊரெல்லாம் அதையே பேசினாங்க. அந்தக் கெட்ட பேரைப் போக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போயிருச்சு. ஆரம்பத்துல, வயசுக் கோளாறுல, ஒரு கம்பத்தை நிமித்திப்புட்டேன். என்ன ஆச்சு? பக்கத்துக் கம்பம் ஏன் சாஞ்சிருக்குன்னு என்னையக் கேட்டாங்க. அன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு. நம்மகிட்டத் தகுதி இருக்குன்னு வெளிய தெரிஞ்சா வேலை வரும். வேலை வந்தா தப்பு வரும். தப்பு வந்தா விசாரணை வரும். இப்ப என் மேல ஒரு விசாரணை உண்டா, சொல்லுங்க.”

ஞானமுத்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

“இந்த ஆபீஸ்லயே கிடையாது,” என்று வேல்பாண்டி சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கேடயம் தொங்கியது. தொடர்ந்து பல ஆண்டுகள் எந்தப் பிழையும் செய்யாத பிரிவு என்று மேலிடத்தில் கொடுத்ததாம்.

மற்றவர்களாக இருந்தால் தலைவிதி என்று பஸ் ஏறியிருப்பார்கள். ஞானமுத்துவுக்கோ சந்தேகம் வேறு பக்கம் போனது. இம்புட்டுப் படிச்ச ஆளுகள்ல ஒருத்தருக்குக்கூடவா தகுதி இருக்காது, எங்கேயோ ஒருவரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகமாக நோட்டம் விட்டார். மதியத்துக்கு மேல் ஆள் மாட்டியது.

பவானி என்கிற தட்டச்சருக்கு மேலே இருந்த மின்விசிறி நின்றுபோனது. கொஞ்ச நேரம் காகிதத்தால் விசிறிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கொண்டையிலிருந்த ஊசியை எடுத்து எதையோ நெம்பினாள். விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஆனால் ஒருவர் முகத்திலும் சந்தோஷத்தைக் காணோம். சூரியபிரகாஷ் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார். வேல்பாண்டி வெளியே வந்தார்.

“யாரு இதைப் பண்ணுனது?”

“சார், நான் சும்மா தொட்டேன்,” என்றாள் பவானி. “அதுவா ஓடிருச்சு.”

“அதுவா ஓடிருச்சுன்னு எழுதிக் குடும்மா. இல்லாட்டி நாளைக்கு ஆளாளுக்கு ஒரு ஃபேனைக் கழட்டிக் கொண்டாந்து ஒன் முன்னால வச்சிருவாங்க.”

எழுதிக் கொடுத்தாள். அதோடும் விடவில்லை. விசிறியை மறுபடி நிறுத்தி, சாட்சிக்கு இரண்டு பேரை வைத்து, பவானியை மீண்டும் ஸ்டூலில் ஏற்றினார்கள். அவள் ஊசியைத் தப்பான இடத்தில் விட்டு நன்றாகத் தோற்றாள். எல்லோரும் வேர்க்க வேர்க்கக் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அவள் வெளியே வந்தபோது ஞானமுத்து பின்னாலேயே போனார். “ஆத்தா, நீதானா அந்தத் தகுதியான ஆளு?”

பவானி சுற்றுமுற்றும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “அண்ணே, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. சத்தமாச் சொல்லாதீங்க,” என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி மறைந்தாள்.

ஆனால் ஞானமுத்து அத்தனை சுலபமாக விடுகிற ஆளா? தினமும் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மனுசன் தினமும் வந்து முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அலுவலகத்தின் தலைவர், செயற்பொறியாளர் சுயம்புலிங்கம், கடைசியில் தோட்டத்தைப் பார்வையிட வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஜீப் வந்தது. சுயம்புலிங்கம், வேல்பாண்டி, சூரியபிரகாஷ் மூவரும் இறங்கினார்கள். இறங்கும்போதே மூவருக்கும் தலை குனிந்திருந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்தபடியே முள்ளைத் தாண்டிப் பந்தலுக்குள் போனார்கள்.

செபஸ்தியம்மாள் பதறிவிட்டாள். “சார், மேல பாத்துப் போங்க. கரண்டுக் கம்பி தொங்குது.”

“அம்மா, மேல மட்டும் பாக்கச் சொல்லாதீங்க,” என்றார் சுயம்புலிங்கம், தரையிடம். “பாத்தா அது ஆய்வு ஆயிடும். ஆய்வு பண்றதுக்குத் தகுதிவாய்ந்த அலுவலர் வரணும். நாங்க பார்வையிட மட்டும்தான் வந்திருக்கோம்.”

“பாக்காம எப்புடி சார் பார்வையிடுவீக?”

“அதுக்குத்தாம்மா எங்களுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க.”

பார்வையிட்டார்கள். கை மட்டும் மேலே போய்ப் பழத்தைப் பறித்து வாய்க்குக் கொண்டுவந்தது. நல்ல இனிப்பு என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. மேலே கம்பி ஆட, கொடி இடுக்கு வழியாக அதன் நிழல் தரையில் விழுந்து ஆடியது. மூன்று பேரும், தலையைத் தூக்காமலே, ஒரே நேரத்தில் இடது பக்கம் நாலு எட்டு விலகினார்கள். எவ்வளவு விலக வேண்டுமோ அவ்வளவு சரியாக விலகினார்கள். ஞானமுத்து வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியாதவன் அப்படி விலக மாட்டான் என்று அவருக்குப் பட்டது.

போகும்போது, அவர்களே பறித்த பழம் ஆளுக்கொரு பெட்டியாக ஜீப்பில் ஏறியது. தகுதிவாய்ந்த அலுவலரைக் கண்டுபிடிக்கக் கூட்டம் போடுவதாகவும், மனுதாரரும் வர வேண்டும் என்றும் சுயம்புலிங்கம் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் நடந்த அறையில் நீள மேஜை. ஞானமுத்துவுக்கும் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. சுயம்புலிங்கம் எழுந்து பேசினார்.

“நண்பர்களே, நம்மில் ஒருவர் தகுதியானவர் என்று பொதுமக்களிடையே சந்தேகம் எழுந்துள்ளது. இது நம் எல்லோருக்கும் ஏற்பட்ட களங்கம். நான் இந்தப் பதவிக்கு எப்படி வந்தேன்? எனக்கு முன்னால் இருந்த தகுதியானவர்கள் ஒவ்வொருவராகச் சிக்கி வெளியே போனார்கள். நான் சிக்கவில்லை. எனக்குக் கீழே உள்ளவர்களையும் சிக்க விடவில்லை. இன்று ஒவ்வொருவரும் மனசாட்சிப்படி எழுந்து உண்மையைச் சொல்லுங்கள்.”

நெஞ்சில் கையை வைத்து, முதலில் அவரே, “நான் தகுதியற்றவன்,” என்றார். அடுத்து வேல்பாண்டி எழுந்து, நான் தகுதியற்றவன் என்றார். சூரியபிரகாஷ் சொன்னார். பவானி, “நான் தகுதியற்றவள்,” என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அப்படியே மேஜையைச் சுற்றி வந்தது. குரல்கள் ஒரே தாளத்தில், தாழ்ந்து, பயபக்தியோடு வந்தன.

ஞானமுத்துவுக்கு இந்தத் தாளம் நன்றாகப் பழக்கம். ஒவ்வொரு பூசையிலும், நன்மை என்று சொல்கிற திருவப்பத்தை வாங்குவதற்கு முன்னால், முழங்காலில் நின்று நெஞ்சில் தட்டி இதே வார்த்தையைச் சொல்கிறவர் அவர். நாக்கு தானாகப் புரண்டது. தன் முறை வருமுன்பே நெஞ்சுக்குக் கை போய்விட்டது. அங்கேதான் சந்தேகம் குறுக்கே வந்து நின்றது. அது ஆண்டவரிடம் சொல்கிற வார்த்தையாயிற்றே, இந்த மேஜைக்கு எதற்காகச் சொல்ல வேண்டும்? சொன்னால், தகுதியற்றவன் கொடுத்த மனு என்று தள்ளிவிட்டால்?

கையை இறக்கினார். “எனக்குத் தகுதி இருக்கு சார்,” என்றார்.

யாரோ ஒருவர் பேனாவைக் கீழே போட்டார். பிறகு சுயம்புலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, ஞானமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷம் எங்கண்ணே இருந்தீங்க?” என்று கேட்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

மாலை போட்டார்கள். ஜன்னலோரமாக ஒரு மேஜை போட்டார்கள். பவானி அடித்துக் கொடுத்த உத்தரவில், இந்த மாவட்டத்துச் சாய்ந்த கம்பங்கள் அனைத்துக்கும் ஞானமுத்துவே தகுதிவாய்ந்த அலுவலர் என்று இருந்தது. அவருக்கு ஒரு மண்ணும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மாலையோடு உட்கார்ந்து முதல் வேலையாகத் தன் மனுவைக் கேட்டார்.

“அது மட்டும் முடியாதுண்ணே,” என்றார் சுயம்புலிங்கம். “சொந்த விஷயத்துல நீங்களே முடிவெடுக்கலாமா? நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“அப்ப என் மனுவை யாரு பாப்பாக?”

“வேற தகுதிவாய்ந்த அலுவலர்.”

“அவரு எங்கன இருக்காரு?”

“உங்களைத் தவிர வேற யாரும் இல்லைன்னுதான் இப்பக் கூட்டத்துல முடிவாச்சே.”

அதற்குள் தேவாரத்திலிருந்தும் வருசநாட்டிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தகுதியானவர் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ. வரிசையில் முதலாவதாக வருசநாட்டு முனீஸ்வரி நின்றாள். அவள் வீட்டு ஓட்டின் மேலேயே கம்பம் சாய்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் சுவரைத் தொட்டால் சுரீர் என்கிறது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்கப் போடுகிறாள்.

ஞானமுத்து பேனாவை எடுத்தார். வேல்பாண்டி காதோரம் குனிந்தார். “அண்ணே, அவசரப்படாதீங்க. தகுதி வச்சுக்கறதுக்குத்தான். எடுத்துப் பயன்படுத்தறதுக்கு இல்லை. கையெழுத்துப் போட்டீங்க, சிக்கிக்கிட்டீங்க.”

பேனா நின்றது. இத்தனை பேர் இத்தனை காலம் போடாத கையெழுத்தை நம்மை மட்டும் போட விடுகிறார்கள் என்றால் இதில் என்னவோ இருக்கிறது என்று பட்டது. தகுதிவாய்ந்த அலுவலரை அணுகவும் என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவரைப் பற்றி உள்ளபடி சொல்வதென்றால், வந்தது உண்மை.

முனீஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்கன இல்ல, வேற எடம்னு சொல்லப் போறீகன்னா இப்பவே சொல்லிருங்க. இருட்டுறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும். பிள்ளைக தனியா இருக்கும்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குரல்.

ஞானமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே அவரை இறக்கிவிட்டார்கள். தகுதியை முன்யோசனையின்றிப் பயன்படுத்திய குற்றத்துக்காகத் தகுதி நீக்கம். மாலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற விதியில் வழி இல்லாததால் முனீஸ்வரியின் காரியம் மட்டும் தப்பித்தது. தகுதி நீக்கப்பட்டவரின் மனுவை ஏற்பதற்கில்லை என்று ஞானமுத்துவின் மனுவை மூடினார்கள். “மனசுல வச்சுக்காதீங்க, எங்களுக்கும் வருத்தம்தான்,” என்று சுயம்புலிங்கம் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் விடியும்போதே வானம் மூடிக்கொண்டு நின்றது. மலையிலிருந்து சாரல் இறங்கியது. தோட்டத்துக்கு ஓடினார். செபஸ்தியம்மாள் கையில் கத்தரியும் தலையில் சும்மாடுமாக முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குலையில் பழம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மேலே கம்பி முன்னைவிட இறங்கி, காற்றுக்குப் பந்தலை உரசுவது போல் வந்து வந்து போனது.

“நீ உள்ள போகாத.”

“போகாம? கண்ணு முன்னால அழுகட்டும்னு விடச் சொல்றீகளா? வருசம் பூரா ஒழைச்சது நானும்தான். தொட்டாத்தானே கரண்டு. இன்னும் தொடலையில்ல.”

அவள் காலை எடுத்து உள்ளே வைத்தாள். ஞானமுத்து கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். கட்டின நாளிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை. விழுந்த இடத்திலிருந்து செபஸ்தியம்மாள் அவரைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் திரும்பி, மோட்டார் ரூமுக்குப் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார்.

பந்தல் மொத்தமும் ஓரக் கற்களில் முறுக்கிக் கட்டிய இழுப்புக் கம்பிகளில்தான் நிற்கிறது. தோட்டத்துக்கு வெளியே நின்றபடி, ஒவ்வொரு கல்லாகப் போய், அவற்றை வெட்டினார். பந்தல் முதலில் லேசாகத் தொய்ந்தது. பிறகு வரிசை வரிசையாகப் படுத்தது. கொடி முறிகிற சத்தம் கேட்டது. பழம் நசுங்கித் தோட்டமெல்லாம் இனிப்பு வாடை எழுந்தது. அந்தக் கொடிகளை நட்டவள் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். ஆனால் இப்போது மின்கம்பி எவ்வளவு ஆடினாலும் தொடுவதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலையில் ஜீப் வந்தது. வேல்பாண்டியும் நாலு ஆட்களும் ஏணி, வடக்கயிறு, கடப்பாரையோடு இறங்கினார்கள். எல்லோரும் தலையை நன்றாக நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். ஞானமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன சார், தகுதியான ஆபீசர் கெடைச்சுட்டாரா?”

“அவரு எதுக்குண்ணே இப்ப?” என்றார் வேல்பாண்டி, சட்டையைக் கழற்றி ஜீப்பில் போட்டபடி. “பந்தல் விழுந்துருச்சுன்னு உங்க ஊர் கரண்டாபீஸ்ல இருந்து சொன்னாங்க. கீழே ஆபத்து இருந்தாத்தானே தகுதி பாக்கணும்? இப்ப வெறும் தரை. வெறும் தரைக்கு மேல இருக்கிற கம்பத்தை யாரு வேணும்னாலும் நிமித்தலாம்னு விதியிலயே இருக்கு.”

கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே மேலே ஏறினார். ஏறின ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணாலேயே அளந்து, கயிற்றை எங்கே கட்ட வேண்டுமோ அங்கே கட்டி, கீழே நின்றவர்களுக்கு ஒற்றை வார்த்தையில் உத்தரவு கொடுத்தார். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கம்பம் நிமிர்ந்தது. கம்பி தென்னை உயரத்துக்கு ஏறி விறைத்து நின்றது. செபஸ்தியம்மாள் இங்கே அவர்களுக்கு வைத்த காப்பி கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவள் தம்ளர்களோடு வந்து, முகத்தை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாள். “எம்புட்டு நல்லா வேலை தெரிஞ்சிருக்கு ஒங்களுக்கு,” என்றாள்.

வேல்பாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. அவசரமாகச் சட்டையை மாட்டினார். “அம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். நான் ஏறினதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

செபஸ்தியம்மாள் தரையில் கிடந்த கொடிகளைப் பார்த்தாள்.

“சொல்ல மாட்டேன் சார்,” என்றாள். “சொன்னா யாரு நம்பப் போறாக.”